அரசாங்கம் கொட்டுகிறது, அறுபது லட்சத்தை எதில் போடுவது?

சித்தப்பா மகன் முசிறியில் இருக்கிறான். சிவில் டிப்ளமோ முடித்தவன். பத்து வருடமாகப் பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவர், அங்கன்வாடி, சிறு பாலம் என்று சின்னச் சின்ன அரசு வேலைகளை எடுத்துச் செய்கிறான். தவணை முடிந்த ஜேசிபி ஒன்று இருக்கிறது. நிலம் விற்ற வகையில் அறுபது லட்சம் கையில் இருக்கிறது. போன மாதம் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, ரோட்டுக்கும் கரண்டுக்கும் கவர்மென்ட் இவ்வளவு கொட்டுது. நான் இன்னும் காம்பவுண்டுச் சுவரே கட்டிக்கிட்டிருந்தா எப்படி? ரோடா, தண்ணியா, ஈ.பி.யா, சோலாரா, ஒண்ணைச் சொல்லுங்க."

நான் ஒப்பந்ததாரன் இல்லை. திருச்சியில் இருபது வருடமாக ஒப்பந்ததாரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆனால் ஒரு வேலையில் லாபம் எங்கே காணாமல் போனது என்பது சைட்டில் நிற்பவனுக்குத் தெரிவதற்கு முன்னால் லெட்ஜரில் தெரிந்துவிடும். அவனிடம் அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு கொட்டுகிறது என்பது பொய்யில்லை. 2019-20இல் மத்திய அரசின் மூலதனச் செலவு சுமார் 3.36 லட்சம் கோடி ரூபாய். கொரோனாவில் பொருளாதாரம் படுத்த பிறகு, அதைத் தூக்கி நிறுத்த அரசு பிடித்த வழி இதுதான்: ரோடு போடு, ரயில் பாதை போடு, குழாய் பதி, கம்பி இழு. 2023-24 பட்ஜெட்டில் இந்தத் தொகை 10 லட்சம் கோடி, 2025-26 பட்ஜெட்டில் 11.21 லட்சம் கோடி. இதற்குள்ளேயே மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் என்று ஒரு ஏற்பாடு உண்டு. 2020 அக்டோபரில் 12,000 கோடியில் தொடங்கியது, 2024-25இலும் 2025-26இலும் 1.5 லட்சம் கோடியாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் அறிவித்த தொகையும் செலவான தொகையும் ஒன்றில்லை. 2024-25க்கு 11.11 லட்சம் கோடி என்றார்கள். மக்களவைத் தேர்தல் வந்து, நடத்தை விதிகளால் புது டெண்டர்கள் நின்று, ஆண்டு முடிவதற்குள் திருத்திய மதிப்பீடு 10.18 லட்சம் கோடிக்கு இறங்கியது. இது நம் ஊரின் கோளாறு மட்டுமில்லை. அமெரிக்காவில் 2009இல் ஒபாமா 787 பில்லியன் டாலருக்கு ஊக்கத் திட்டம் கொண்டுவந்தார். மறுநாளே மண்வெட்டியை எடுத்து இறங்கத் தயாராக வேலைகள் காத்திருக்கின்றன என்று சொல்லித்தான் கொண்டுவந்தார். அப்படித் தயாராக எதுவும் இருப்பதில்லை என்று அடுத்த ஆண்டே அவரே ஒப்புக்கொண்டார்.

அதனால் அவனிடம் நான் திட்டத்தின் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு கேள்விதான் கேட்டேன். உன் பில்லுக்குப் பணம் யார் கையிலிருந்து வரும்? எத்தனை நாளில் வரும்? நாலு வழிகளையும் இந்த இரண்டு கேள்வியை வைத்தே நிறுத்துப் பார்த்தோம்.

ஒரு கோடி ரூபாய் வேலையின் கதை

ஒப்பிடுவதற்கு முன்னால் அரசு வேலையில் பணம் எப்படி நடந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

வேலை முடிந்ததும் பணம் வராது. வேலை எம்-புக்கில் ஏறினால்தான் அது வேலை. அளவுப் புத்தகம் என்று தமிழில் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. குழாய் பதித்த பள்ளம் 212 மீட்டர் நீளம், 0.60 அகலம், 0.90 ஆழம் என்றால் 114.48 கன மீட்டர். மேல் அதிகாரி வந்து இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்து, ஆழம் 0.85தான் இருக்கிறது என்று எழுதினால் 108.12. ஐந்து சென்டிமீட்டரில் ஆறு கன மீட்டருக்கு மேல் காணாமல் போய்விட்டது. மூடின பள்ளத்தை மறுபடி யார் அளப்பது? அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பள்ளம் மூடுவதற்கு முன்னால் டேப்பை வைத்துத் தேதியோடு போட்டோ எடுத்து வைக்கிறார்கள். நான் கணக்கு எழுதும் ஒப்பந்ததாரர் ஒருவர் போனில் குடும்பப் படத்தைவிடப் பள்ளத்தின் படம்தான் அதிகம்.

எம்-புக்கில் ஏறிய பிறகு பில், பில்லுக்குச் சரிபார்ப்பு, அப்புறம் நிதி ஒதுக்கீடு. ஒதுக்கீடு இல்லையென்றால் பில் சரியாக இருந்தும் பயனில்லை. வட்டியில்லாக் கடனாக வரும் பணத்தை அந்த நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும் என்பதால், பிப்ரவரி, மார்ச்சில் அலுவலகங்கள் தூங்குவதில்லை. மார்ச் 31க்குள் நுழையாத பில் சித்திரை, வைகாசி என்று வெயிலில் காயும்.

இப்போது கணக்கு. வேலையின் மதிப்பு ஒரு கோடி, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனிநபர் பெயரில் இருந்தால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், ஒரு லட்சம். ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், இரண்டு லட்சம். கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், ஒரு லட்சம். வேலையில் குறை வந்தால் சரிசெய்வதற்காகப் பிடித்து வைக்கும் தொகை 5 சதவீதம் என்று வையுங்கள், ஐந்து லட்சம். ஆக ஒன்பது லட்சம் உடனே கைக்கு வராது. வரிப் பிடித்தங்கள் பிறகு கணக்கில் வரவாகும், நிறுத்தி வைத்தது வருடக்கணக்கில் கழித்து வரும். லாபம் என்று நீங்கள் போட்டு வைத்திருந்த பத்து லட்சத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே இப்படி வேறு கைகளில் இருக்கிறது.

அடுத்தது வட்டி. அந்த வேலையில் உங்கள் பணமோ கடனோ அறுபது லட்சம் எட்டு மாதம் மாட்டினால், வங்கி வட்டி 12 சதவீதத்தில் 4.8 லட்சம். வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் 9.6 லட்சம். பத்து லட்ச லாபத்தில் மிச்சம் நாற்பதாயிரம். எட்டு மாதம் பதினெட்டு மாதமானால் வங்கிக் கடனிலேயே 10.8 லட்சம், லாபத்தைத் தாண்டிவிட்டது. ஊரில் எல்லோரும் உங்களை கான்ட்ராக்டர் என்று கும்பிடுவார்கள், நீங்கள் எனக்குத் தர வேண்டிய மூவாயிரத்துக்குத் தவணை சொல்வீர்கள்.

இதை நான் வெறும் காகிதத்தில் பார்த்தவனில்லை. 2023இல் நண்பர் ஒருவர் ஊராட்சிக் குழாய் வேலை எடுத்தார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். வேலை நாலு மாதத்தில் முடிந்தது, பில் பதினாலு மாதம் கழித்துத்தான் வந்தது. இடையில் என் மனைவியின் வளையல் இரண்டு தடவை அடகுக் கடைக்குப் போய் வந்தது. இன்றைக்கும் வீட்டில் குழாய் ரிப்பேர் என்றால் அவள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாள்.

ரோடு

பெரிய நெடுஞ்சாலை வேலைகளை நம் ஆள் நேரடியாக எடுக்க முடியாது. கலப்பு ஆண்டுத்தொகை முறை என்று 2016 முதல் ஒன்று நடக்கிறது. கட்டும் காலத்தில் அரசு 40 சதவீதம் தரும், மீதி 60 சதவீதத்தை 15 ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாகத் தரும். அதற்கு வங்கிகள் நம்பிக் கடன் கொடுக்கும் அளவுக்கு நிறுவனம் வேண்டும். நம் ஆள் அங்கே போனால் சப்-கான்ட்ராக்டாகத்தான் போக வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்: மேலே பணம் வந்தால்தான் கீழே தருவோம். அந்த ஒரு வரியால் அரசின் தாமதம், பெரிய கம்பெனியின் தாமதம் இரண்டும் சேர்ந்து இவன் தலையில் இறங்கும். போவதானால் டீசலும் ஜல்லியும் அவர்கள் கணக்கு, ஆளும் மிஷினும் மட்டும் நம்முடையது, பதினைந்து நாளுக்கு ஒரு பில் என்று பேசிப் போகலாம். வேறு மாதிரி போகக் கூடாது.

மாநில நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை வேலைகள் வேறு. முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 2023இல் வந்தபோது 4,000 கோடியில் 10,000 கிலோமீட்டர் என்றார்கள். கிராமச் சாலை என்றால் ஒரு வேலை இரண்டு மூன்று கிலோமீட்டராக இருக்கும், சிறியவர்களும் எடுக்கலாம். சிக்கல் அங்கே போட்டியில்தான் இருக்கிறது. எஸ்டிமேட்டிலிருந்து பதினைந்து சதவீதம், இருபது சதவீதம் லெஸ் போட்டு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரிடம் தார்க் கலவை போடும் ஹாட் மிக்ஸ் பிளான்ட் சொந்தமாக இருக்கும், அதனால் கட்டுபடியாகும். மீதிப் பாதிக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்பதை ரோட்டின் கனத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

தார் விலை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாறும். மத்திய அரசின் பொது நிதி விதிகளில், பதினெட்டு மாதத்துக்கு மேல் நீளும் ஒப்பந்தத்துக்குத்தான் விலை உயர்வுக்கு இடம். ஒன்பது மாத வேலைக்கு அது கிடையாது, ஏறினால் உங்கள் பாடு. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கனிம நில வரி வந்ததும் எம்-சாண்டும் ஜல்லியும் விலை ஏறி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது நினைவிருக்கலாம். அந்த மாதம் டெண்டர் போட்டுக் கையெழுத்து ஆகியிருந்தவர்கள் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருந்த விதம் மறக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, வேலை நடக்காது, ஆனால் ரோலர் டிரைவருக்குச் சம்பளம் உண்டு.

ரோட்டின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பணம் தாமதமாகும், ஆனால் கைவிட்டுப் போவது அரிது. அனுபவச் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து அடுத்த படிக்குப் போகலாம். வங்கியும் ரோடு வேலை ஆர்டரைக் காட்டினால் கொஞ்சம் இறங்கி வரும்.

தண்ணீர்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது, மொத்தம் 3.60 லட்சம் கோடி. நாட்டில் 3.23 கோடி கிராம வீடுகளில்தான் குழாய் இருந்தது, 2025க்குள் அது 15 கோடியைத் தாண்டியது. இதில் சம்பாதித்தவர்கள் உண்டு, முதல் மூன்று வருடத்தில் இறங்கியவர்கள். 2024-25 பட்ஜெட்டில் 70,163 கோடி ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 22,694 கோடியாக வெட்டினார்கள். திட்டத்தை 2028 வரை நீட்டித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாடு முழுவதும் ஒப்பந்ததாரர்கள் பாக்கிக்காக நின்ற திட்டம் இது. பாக்கி முதலில் பழைய ஆளுக்குத்தான் போகும், புதிதாக வருகிறவன் வரிசையின் கடைசியில் நிற்பான். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் வந்துவிட்டது, எளிதான வேலைகள் முடிந்துவிட்டன. வேண்டாம் என்றேன். வளையல் கதையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை.

ஈ.பி. வேலை

மின் விநியோகத்தைச் சீரமைக்க 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் தொகை 3,03,758 கோடி. அதில் மத்திய அரசின் மானியம் 97,631 கோடி. விவசாயத்துக்குக் கரண்டு போகும் பாதையை, அதாவது ஃபீடரை, தனியாகப் பிரிப்பது, புது டிரான்ஸ்ஃபார்மர், கம்பி மாற்றுவது, ஸ்மார்ட் மீட்டர் எல்லாம் இதில் வரும். முதலில் வைத்த கெடு 2025-26.

ஸ்மார்ட் மீட்டர் பெரியவர்களின் ஆட்டம். மீட்டரை நிறுவனமே முதல் போட்டு வாங்கி மாட்டி, மீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பல வருடம் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஆளுக்கு அதில் மீட்டர் மாட்டிக் கொடுக்கும் கூலி வேலைதான் மிஞ்சும்.

கம்பி, கம்பம் வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. மத்திய மானியம் மாநில மின் நிறுவனத்துக்குச் சும்மா வருவதில்லை. தணிக்கை செய்த கணக்கு வெளியிட்டாயா, இழப்பைக் குறைத்தாயா என்று மதிப்பெண் போட்டுத்தான் விடுவிக்கிறார்கள். அதாவது முசிறிக்குப் பக்கத்தில் நீங்கள் நட்ட கம்பத்துக்கான பணம், மின் நிறுவனம் எழுதும் பரீட்சையில் பாஸ் ஆவதைப் பொறுத்தது. நீங்கள் எவ்வளவு நேராகக் கம்பம் நட்டிருந்தாலும் சரி. அதோடு மின் ஒப்பந்ததாரருக்கான ஈ.ஏ. கிரேடு உரிமம் வேண்டும், பழகிய லைன் ஆட்கள் வேண்டும், உயரத்தில் நடக்கும் வேலைக்குக் காப்பீடு வேண்டும். ஏற்கெனவே அந்த உரிமமும் பத்துப் பேர் கொண்ட குழுவும் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், போட்டி ரோட்டைவிடக் குறைவு. இவனுக்கு அது இல்லை.

கூரை மேல் சோலார்

இங்கேதான் எங்கள் பேச்சு நீண்டது.

2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த, வீட்டுக் கூரையில் சோலார் போட மானியம் தரும் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்துக்கு ஒதுக்கீடு 75,021 கோடி. 2026-27க்குள் ஒரு கோடி வீடு என்பது இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 மானியம். தொகையில் இது மற்றதைவிடச் சின்னத் திட்டம். ஆனால் பணம் நடக்கும் பாதையைப் பாருங்கள். மானியம் வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஒப்பந்ததாரருக்குப் பணம் தருவது வீட்டுக்காரர், அல்லது அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி. எம்-புக் இல்லை, மார்ச் 31 இல்லை, 5 சதவீதம் பிடித்து வைப்பதில்லை. இரண்டு லட்சம் வரை பிணை இல்லாமல் அரசு வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் தருகின்றன, தொகையை நேராக நிறுவுகிறவர் கணக்குக்கே அனுப்புகின்றன. 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கு வரி 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியதில், பொருளுக்கு எழுபது, வேலைக்கு முப்பது என்று பிரிக்கும் கணக்கில் மொத்த வரி 13.8இலிருந்து 8.9 சதவீதமாகிவிட்டது. அதை அப்படியே விலையில் குறைத்துக் காட்டலாம்.

மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் போகக் கையில் இருபதாயிரம் நிற்கலாம். மாதம் பத்து வீடு செய்தால் இரண்டு லட்சம். ரோட்டுக்காரன் ஒரே வேலையில் பத்து லட்சம் என்று கனவு காண்பான், இவன் ஐந்து மாதத்தில் அதைத் தொடுவான், பணம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று திரும்பி வந்துகொண்டே இருக்கும். முதலாக இருபது, இருபத்தைந்து லட்சம் போதும்.

சரி, ஓட்டை எங்கே? மூன்று இருக்கிறது. ஒன்று, மாதம் பத்து வீடு கிடைக்குமா? தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டாவது இலவசம். முந்நூறு யூனிட் ஓட்டும் வீட்டுக்காரரிடம் சோலார் பேசினால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். 500 யூனிட்டைத் தாண்டுகிறவர்தான் வாடிக்கையாளர், தாண்டியதும் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடுவதால் அவருக்குத்தான் பில் சுடும். ஒரு கிலோவாட் நம் வெயிலுக்கு நாளுக்கு நாலு யூனிட் தரும், மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் எழுநூறு யூனிட் பக்கம். ஏ.சி. இரண்டு ஓடும் வீடுகளை முசிறியில் தேடினால் சீக்கிரம் எண்ணி முடித்துவிடலாம். திருச்சி, நாமக்கல், துறையூர் என்று சுற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு, ஐந்து வருடப் பராமரிப்பு நிறுவியவர் பொறுப்பு. இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு எரிந்தால், குரங்கு கேபிளை இழுத்தால், போன் உங்களுக்கு வரும். நூறு வீடு செய்தபின் ஒரு ஆளை அதற்கென்றே வைக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை இன்றைய இருபதாயிரத்திலிருந்தே ஒதுக்காதவர்கள் மூன்றாவது வருடத்தில் போனை அணைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாடிக்கையாளர் சொல்லும் ஒரு வாக்கியம்: "மானியம் வந்ததும் மீதியைத் தர்றேன்." நல்ல மனிதர்தான் சொல்வார், நியாயமாகவும் தோன்றும். ஒப்புக்கொண்டீர்களோ, அரசின் தாமதத்தை உங்கள் பெட்டிக்குள் நீங்களே அழைத்துவந்துவிட்டீர்கள். வீட்டிலிருந்து ஈ.பி.க்குப் போகும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வர வேண்டும், ஆய்வு நடக்க வேண்டும், அப்புறம்தான் மானியம். பத்து வீட்டுக்கு 78,000 நின்றால் 7.8 லட்சம். எந்த நோயிலிருந்து தப்ப இங்கே வந்தோமோ அதே நோய். மானியத்தின் சொந்தக்காரர் வீட்டுக்காரர், காத்திருக்க வேண்டியவரும் அவரே என்பதை முதல் நாளே எழுதி வாங்க வேண்டும்.

மானியத்துக்கு உள்நாட்டு செல், உள்நாட்டு பேனல்தான் செல்லும். விலை கூடுதல், சில சமயம் கையிருப்பும் இருக்காது. பேனலை வாங்கி வைத்துவிட்டு வீட்டைத் தேடக் கூடாது, வீடு உறுதியான பிறகு பேனல்.

திட்டம் 2026-27 வரைதான். அதற்குப் பிறகு மானியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டுமென்றால் அரிசி ஆலை, கல்யாண மண்டபம், எங்கள் ஊர்ப் பக்கம் கோரைப் பாய்த் தறிக் கூடங்கள் என்று இப்போதே பேச ஆரம்பிக்க வேண்டும். அவர்களுக்கு மானியம் இல்லை, ஆனால் கரண்டு பில் பெரிது. வீடுகளில் கை பழகினால் அங்கே போகலாம்.

அவன் கேட்காத ஒன்று

ஜேசிபி. ரோடு போடுகிறவனும் குழாய் பதிக்கிறவனும் கம்பம் நடுகிறவனும் முதலில் தேடுவது பள்ளம் தோண்டும் மிஷினைத்தான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை, டிரைவர் லாக் ஷீட்டில் கையெழுத்து வாங்கி வந்தால் வாரம் ஒரு தடவை பணம். அரசு செலவழிக்கும் காலத்தில் ஒப்பந்தம் எடுக்காமலே அதன் பலனை அனுபவிப்பது இப்படி. என் கணக்கில் உள்ள ஒரு டிப்பர் உரிமையாளர் டெண்டர் பக்கமே போனதில்லை, ஆனால் வருமான வரி கட்டுவதில் எங்கள் அலுவலகத்தில் அவர்தான் முதல் மூன்றில். சித்தப்பா மகனுக்கு இது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. முகத்திலேயே தெரிந்தது.

அரசு கொடுக்கும் ஊக்கம் புது வேலையாகத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. 2020 நவம்பரில் ஒரு சலுகை வந்தது. ஒப்பந்தத்துக்குக் கட்டும் செயல்பாட்டுப் பிணைத்தொகையை 5 முதல் 10 சதவீதம் என்பதிலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். ஐந்து கோடி வேலைக்கு 10 சதவீதம் என்றால் 50 லட்சம், 3 சதவீதம் என்றால் 15 லட்சம். 35 லட்சத்துக்கான வைப்போ வங்கி உத்தரவாதமோ விடுபட்டது. 2023-24 பட்ஜெட்டில், கொரோனாக் காலத்தில் வேலை முடிக்க முடியாமல் பிணைத்தொகையை இழந்த சிறு நிறுவனங்களுக்கு அதில் 95 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்துச் செய்தார்கள். அதை வாங்கியவர்களைவிட, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை வைத்துக்கொண்டு சுற்றறிக்கையைப் படிக்காதவர்கள்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்றான். இருக்கிறது. பொருள் சப்ளை செய்தவருக்கு அது நல்ல ஆயுதம். கட்டுமான ஒப்பந்தத்துக்குப் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களில் வழக்காடியிருக்கிறார்கள். அப்புறம், அடுத்த டெண்டரும் அதே அலுவலகத்தில்தான் போட வேண்டும் என்பவன் வழக்குப் போடுவானா?

கடைசியில் சொன்னது

அறுபதில் இருபத்தைந்து சோலாருக்கு. முப்பது நாற்பது லட்ச மதிப்பில் துறையிடமிருந்து நேரடியாக ஒரே ஒரு கிராமச் சாலை, அது நவம்பரில் எடுத்துப் பிப்ரவரிக்குள் பில் வைக்கிற மாதிரி, அதற்கு இருபது. அனுபவச் சான்றிதழுக்காகத்தான் அது, லாபத்துக்காக இல்லை. பில் பாஸாகும் வரை அடுத்த ரோடு கிடையாது. பதினைந்து லட்சத்தைத் தொடவே கூடாது, அது வட்டிக்காரனிடம் போகாமல் இருப்பதற்கான பணம். ஜேசிபி வாடகையில் வீட்டுச் செலவு. சொந்த பிளான்ட் வைத்திருந்து பத்துக் கோடி புரட்டுகிறவன் கேட்டிருந்தால் ரோடு என்றுதான் சொல்லியிருப்பேன். இவனுக்கு இதுதான்.

சோலார் பக்கம் சாய்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் மனைவி எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். எட்டு வருடமாக அந்தச் சான்றிதழ் பீரோவில் கிடக்கிறது. கூரை அளவு, நிழல் விழும் நேரம், இன்வெர்ட்டர் தேர்வு எல்லாம் அவளுக்கு வரும். அன்றைக்கு அவன் என்னிடம் கேட்ட கேள்விகளைவிட அவள் கேட்ட கேள்விகள்தான் கூர்மை. "மாமா, அஞ்சு வருஷ சர்வீஸ் செலவைத் தனி அக்கவுண்ட்ல போட்டு வைக்கலாமா?" என்றாள். நான் கணக்கு எழுதும் யாரும் இதுவரை கேட்காத கேள்வி.

போன வாரம் சூரிய வீடு திட்டத்தில் விற்பனையாளர் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். முதல் வீடும் முடிவாகிவிட்டது. சித்தப்பா வீடுதான், மூன்று கிலோவாட். எழுதி வாங்கச் சொல்லியிருந்தேன், அப்பாவிடம் எப்படி எழுதி வாங்குவது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டானாம். நேற்று சித்தப்பா எனக்கே போன் செய்தார். மானியம் வந்ததும் மீதியைத் தருகிறேன், அவனிடம் கொஞ்சம் சொல்லிவிடு என்றார்.